மழையிலும் வெயிலிலும் சைக்கிளில் வேலைக்குப் போவோருக்கு

கார்த்திகை மாதத்தில் விடியற்காலை பரந்தன் சந்தியில் சற்று நேரம் நின்று பாருங்கள். மழை தூறிக்கொண்டிருக்கும். முல்லைத்தீவு வீதியிலிருந்தும் பூநகரி வீதியிலிருந்தும் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து ஏ-9 வீதியில் ஏறும். ஒருவர் யூரியாப் பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையிலே கவிழ்த்திருப்பார். இன்னொருவர் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார். ஓர் இளம் பெண் ஒரு கையில் குடையும் மறு கையில் ஹாண்டிலுமாகத் தடுமாறி வருவார். இவர்களுள் பெரும்பாலானோர் ஒரு காலத்தில் சொந்த வயலுக்குப் போனவர்கள். இன்று வேறொருவரின் வயலுக்கும், கடைக்கும், கந்தோருக்கும், ஆஸ்பத்திரிக்கும், தையற்சாலைக்கும் போகிறார்கள்.

சொந்த வயலுக்கு நனைந்துகொண்டு போனால் கேட்பார் எவருமில்லை. சேற்றில் இறங்கப் போகிறவருக்கு நனைந்த சாரம் ஒரு பொருட்டல்ல. சம்பளத்துக்குப் போகும் இடத்தில் நிலைமை வேறு. எமக்குத் தெரிந்த ஒரு தாயின் கதை இதை நன்றாக விளக்கும். மூன்று பிள்ளைகளின் தாய்; கணவர் இல்லை. மீளக்குடியேறிய கிராமத்திலிருந்து ஒன்பது கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, ஒரு நிறுவனத்தில் துப்புரவு வேலைக்குப் போய்வந்தார். ஒரு மாரி நாளில் தலை முதல் கால்வரை நனைந்து, முதுகிலே செம்மண் கோடும் விழுந்து போய்ச் சேர்ந்தார். "இந்தக் கோலத்தில உள்ளுக்கு வராதையுங்கோ, காய்ஞ்சாப் பிறகு வாங்கோ" என்றார்கள். வெளி விறாந்தையில் நடுங்கிக்கொண்டு நின்றார். அரைநாட் சம்பளம் வெட்டப்பட்டது. அதன்பின் மழை பெய்யும் நாட்களில் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கார்த்திகை முடியுமுன்பே வேலையும் போயிற்று.

அந்த நிறுவனம் நடந்துகொண்ட விதம் சரியல்ல என்பதே எமது எண்ணம். ஆயினும் அவர்களைத் திருத்தும்வரை எமது மக்கள் நனைந்துகொண்டு நிற்க முடியாது. இந்த இழப்பைத் தடுக்கப் பெரிய பணம் தேவையில்லை. என்ன உடுத்துப் போவது, எதை நனையவிடுவது, எதை நனையாமற் காப்பது என்ற அறிவு இருந்தாலே பாதித் துன்பம் நீங்கும். அதையே இக்கட்டுரையில் பார்ப்போம்.

சைக்கிள் எமக்குப் புதிதல்ல

1990ஆம் ஆண்டு தொடங்கி வடக்கில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில், பிள்ளைகளையும் நோயாளரையும் விறகையும் நெல்மூட்டையையும் சுமந்தது சைக்கிளே. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் புறப்பட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோதும், எஞ்சிய சொத்து சைக்கிளின் கரியரிலேயே கட்டப்பட்டிருந்தது. அன்று மழையும் பெய்தது. குடையை மலர்த்திப் பிடித்து அதில் விழுந்த நீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, தெற்கிலும் பலர் மோட்டார் சைக்கிளை விட்டுச் சைக்கிளுக்குத் திரும்பினார்கள்.

ஆகவே சைக்கிள் ஓட்ட எவரும் எமக்குக் கற்பிக்கத் தேவையில்லை. முன்பு சைக்கிளில் போய் வயலில் இறங்கினோம். இப்போது சைக்கிளில் போய்ப் பலர் முன்னிலையில் நின்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு ஏற்றபடி எமது உடுப்பு மாறவில்லை. அதுவே குறை.

முதல் விதி: பயண உடுப்பு வேறு, வேலை உடுப்பு வேறு

எந்த விலையுயர்ந்த மழைக்கோட்டும் ஒன்பது கிலோமீற்றர் தூரத்துக்கு ஒருவரை முழுமையாகக் காக்காது. வெளியே மழை நனைக்கும். உள்ளே வியர்வை நனைக்கும். எனவே, 'நனையாமற் போவது எப்படி?' என்று கேட்பதைவிட, 'போய்ச் சேர்ந்தபின் உலர்ந்த உடுப்போடு நிற்பது எப்படி?' என்று கேட்பதே புத்தி.

இதற்கு இரண்டு உடுப்புகள் வேண்டும். பயணத்துக்குப் பழைய, இலகுவான, விரைவில் காயும் உடுப்பு. வேலைக்குரியதை மடித்து, நீர் புகாத பைக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டும். யூரியாப் பையின் உள்ளே இருக்கும் பொலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் அதுவே போதும். வாயை ஒருமுறை கட்டி, அந்தக் கட்டை மடித்து மறுமுறை கட்டினால் நீர் புகாது. அதற்குள் ஒரு சிறிய துவாய், உள்ளுடுப்பு, சீப்பு ஆகியவற்றையும் வையுங்கள். அடையாள அட்டையும் வேறு பத்திரங்களும் இருந்தால் அவற்றைத் தனியாக இன்னொரு சிறிய உறையில் இடுங்கள். இடம்பெயர்வுகளில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தண்ணீருக்குப் பறிகொடுத்தவர்களுக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை.

சேலை உடுத்து வேலை செய்யும் ஆசிரியைகளும் இவ்வாறே செய்யலாம். பாவாடையும் சட்டையுமாகவோ சுடிதாரோடோ சைக்கிளில் போய், பாடசாலையில் சேலை உடுத்துக்கொள்ளலாம். சேலையைச் சுருட்டிக் கொண்டுபோனால் மடிப்பைவிடக் கசங்கல் குறைவு. பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே இதற்குரிய விலை.

துணியை அறிந்து வாங்குவோம்

பருத்தி நல்லது என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். வெயிலில் அது உண்மை. மழையில் அப்படியல்ல. உலர்ந்த பருத்தி 100 கிராம், சாதாரண காற்றிலிருந்தே ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதே நிறையுள்ள பொலியெஸ்ரர் அரைக் கிராம் ஈரத்தைக்கூட இழுப்பதில்லை. மழையில் நனைந்த பருத்தி உடுப்பு பாரமாகி, உடம்போடு ஒட்டி, நீண்ட நேரம் காயாமல் இருக்கும். பொலியெஸ்ரர் கலந்த மெல்லிய துணியைப் பிழிந்து உதறினால் விரைவில் காயும்.

ஈர உடுப்பு வெறும் அசௌகரியம் மட்டுமல்ல. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திவிடும். அதன்மேல் சைக்கிளின் வேகம் சேர்கிறது. காற்றே இல்லாத நேரத்திலும் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதிப்பவரின் முகத்தில் 15 கிலோமீற்றர் வேகக் காற்று அடிக்கும். வாடைக்காற்று எதிரே வீசினால் அது இன்னும் கூடும். 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிரும் மழையும் காற்றும் ஒன்றுசேர்ந்தபோது நூற்றுக்கணக்கான மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்ததை நாம் கண்டோம். எமது நாடு வெப்ப நாடுதான். ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்தால் இங்கும் குளிர் உயிரை வாங்கும். முதியவர்களும், சரியாகச் சாப்பிடாமற் புறப்படுகிறவர்களும் விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

எனவே மாரிக்குப் பயண உடுப்பாகப் பொலியெஸ்ரர் கலந்த துணியை எடுங்கள். காற்பந்து, கரப்பந்து விளையாட்டுக்காரர் அணியும் பழைய பெனியன் இதற்கு மிக நல்லது. தடித்த ஜீன்ஸை மழையில் அணியாதீர்கள். ஒருமுறை நனைந்தால் அன்று முழுவதும் காயாது.

மேலே போடும் உறை

மழைக்கோட்டுகள் இரண்டு வகை. ஒன்று கையும் உடம்பும் உள்ள கோட்டு. மற்றது தலைவழியே போட்டுச் சுற்றிலும் தொங்கவிடும் போர்வை. சைக்கிளுக்குப் போர்வையே சிறந்தது. கோட்டுக்குள் காற்று நுழையாது. அரை மணி நேரம் மிதித்தால் வியர்வையில் நனைந்துவிடுவோம். போர்வையின் கீழ்ப்பக்கம் திறந்திருப்பதால் காற்று உள்ளே போய்வரும். அதன் முன்பகுதி ஹாண்டிலையும் கைகளையும் முழங்கால்களையும் சேர்த்து மூடும்.

இதை வீட்டிலேயே தைக்கலாம். வயதுவந்த ஒருவருக்கு ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும் 1½ மீற்றர் அகலமும் உள்ள நீர் புகாத துண்டு போதும். குடைக்குப் பயன்படும் மெல்லிய நைலோன் துணி கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. தறப்பாளிலும் தைக்கலாம், ஆனால் அது விறைப்பாக நிற்கும், காற்றைப் பிடிக்கும். கழுத்துத் துவாரத்தைச் சரி நடுவில் வெட்டாதீர்கள். முன்பகுதி ஏறத்தாழ 110 சென்ரிமீற்றரும் பின்பகுதி 90 சென்ரிமீற்றருமாக இருக்கட்டும். முன்னே ஹாண்டில்வரை எட்ட வேண்டுமல்லவா? வெட்டுமுன் சைக்கிளில் ஏறி இருந்து ஒருவர் அளந்து பார்ப்பது நல்லது.

மூன்று விடயங்களை மறக்க வேண்டாம். முதலாவது, முன் விளிம்பின் உட்புறத்தில் இரண்டு சிறிய பட்டிகளைத் தையுங்கள். பெருவிரல்களை அவற்றில் மாட்டினால் முன்பகுதி காற்றில் எழும்பாது. இரண்டாவது, பின்பகுதியின் உள்ளே ஒரு நாடா வைத்து இடுப்பிலே கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்று அதைத் தூக்கித் தலைக்கு மேலே எறியும். மூன்றாவது, எந்தப் பக்கமும் சில்லுக்கம்பிகளை எட்டாத உயரத்தில் விளிம்பு நிற்க வேண்டும். தைத்து முடிந்தபின் தையல் வழியே மெழுகுதிரியை அழுத்தித் தேயுங்கள். ஊசித் துளைகள் அடைபட்டு நீர் கசிவது குறையும்.

தலைமூடியைப் போர்வையோடு சேர்த்துத் தைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. நாம் தலையைத் திருப்பும்போது மூடியும் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பின்னால் வரும் லொறியைப் பார்க்கத் திரும்புகிறவர் துணியின் உட்புறத்தையே பார்ப்பார். முன்மடல் உள்ள தொப்பியை உள்ளே போட்டு, மூடியை நாடாவால் இறுக்கிக் கட்டினால் மூடி தலையோடு திரும்பும். கண்ணிலும் மழை அடிக்காது. பெருங்காற்று வீசினால் போர்வை பாய்மரமாகிவிடும். அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் மூத்த தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். கொட்டும் மழையில் இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. எந்தத் துணி தாங்கும், எங்கே கட்டினால் நடக்கத் தடையிராது என்பதை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

கீழேயிருந்து வரும் தண்ணீர்

மழையென்றால் நாம் மேலே பார்க்கிறோம். ஆனால் உடுப்பை அழுக்காக்குவது பெரும்பாலும் கீழேயிருந்து வரும் தண்ணீரே. பின்சில்லு வீதியிலுள்ள செம்மண் நீரை அள்ளி முதுகிலே எறியும். முன்சில்லு கால்களில் எறியும். அந்தத் தாயின் முதுகில் விழுந்த கோடு அப்படி விழுந்ததுதான். எனவே உடுப்பு வாங்குமுன் சைக்கிளின் மட்காட் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ரயரிலோ தடித்த ரப்பரிலோ ஒரு சாண் அளவு துண்டு வெட்டி, முன்மட்காட்டின் கீழ்நுனியில் தொங்கவிட்டால் கால்கள் பெருமளவு தப்பும். செலவு எதுவுமில்லை.

காலுக்கு என்ன போடுவது? வழுக்கும் இறப்பர்ச் செருப்பு ஈர மிதியில் ஆபத்தானது. குதிக்காலில் வார் உள்ள பிளாஸ்ரிக் செருப்பு நல்லது. நனைந்தாலும் கெடாது, காலிலிருந்து கழராது. சப்பாத்து வேண்டிய வேலையென்றால் அதை உலர்ந்த பையில் கொண்டுபோங்கள். நீண்ட இறப்பர்ப் பூட்ஸ் வயலுக்கு உரியது. மழையில் சைக்கிள் மிதித்தால் அதற்குள் நீர் நிறையும்.

வெள்ளம் நிற்கும் வீதியில் போகிறவர்கள் எலிக்காய்ச்சலை மறக்கக்கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலில் சிலர் இறந்ததும், பின்னர் அது எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள புண் வழியாகவும் கீறல் வழியாகவும் கிருமி உடம்புக்குள் போகிறது. காலில் புண் இருந்தால் நீர் படாதபடி மூடிக்கொண்டு போங்கள். போய்ச் சேர்ந்ததும் நல்ல நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். வயலிலும் வெள்ளத்திலும் வேலை செய்வோர் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் வந்தால் சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சில்லில் சிக்கும் உடுப்பு

மழையைவிட ஆபத்தானது தொங்கும் துணி. சேலைத் தலைப்பு, சுடிதாரின் சால்வை, அகன்ற பாவாடை, அவிழ்ந்த சாரம் ஆகியன பின்சில்லிலோ சங்கிலியிலோ சிக்கினால் ஒரு கணத்தில் ஆளை வீழ்த்திவிடும். சால்வை கழுத்தைச் சுற்றியிருந்தால் விளைவு இன்னும் மோசம். சைக்கிளில் ஏறுமுன் சால்வையைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். அல்லது குறுக்கே போட்டு இடுப்பில் முடியுங்கள். பின்சில்லின் இரு பக்கமும் வலை கட்டலாம். பழைய மீன்வலையை மட்காட்டிலிருந்து அச்சுவரை இழுத்துக் கட்டினால் போதும். கரியரில் இருக்கும் பிள்ளையின் காலையும் அது காக்கும்.

ஆண்கள் நீளக் காற்சட்டை அணிந்தால் வலது கால்நுனியைக் கவனிக்க வேண்டும்; சங்கிலி இருப்பது அந்தப் பக்கம். பழைய ரியூபிலிருந்து ஒரு விரல் அகல வளையம் வெட்டிக் கணுக்காலில் மாட்டுங்கள். காற்சட்டை கிழியாது, எண்ணெயும் படாது.

ஒரு கையில் குடை பிடித்துச் சைக்கிள் ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஈரத்தில் பிறேக் மெதுவாகவே பிடிக்கும். ஒரு கையால் ஒரு பிறேக்கை மட்டும் அழுத்துகிறவர் சரியான இடத்தில் நிறுத்த முடியாது. பின்னால் இருப்பவர் குடை பிடிப்பதும் ஆபத்தே. காற்று குடையை இழுத்தால் இருவரும் வீதியின் நடுவே விழ நேரிடும்.

கோடையும் இருட்டும்

மாரி போனால் கோடை. சோளகக் காற்றும் புழுதியும் வெயிலும் எம்மை வாட்டும். இப்போது பருத்தியின் முறை. தொளதொளப்பான, வெளிர்நிற, முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். வியர்வை காற்றிலே காயும்போது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகும். கையில்லாச் சட்டையில் குளிர்ச்சி கூட என்று நினைப்போம். ஆனால் தோலில் நேரே விழும் வெயில் களைப்பையும் எரிவையும் தரும். அகல விளிம்புத் தொப்பியை நாடாவால் தாடைக்குக் கீழே கட்டுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் கரியரில் இருக்கட்டும். கோடையிலும் வேலை உடுப்பைத் தனியே கொண்டுபோவது நல்லது. வியர்வை மணத்தோடு மற்றவர் பக்கத்தில் நிற்கும் கூச்சம் நீங்கும்.

எக்காலத்துக்கும் பொதுவான ஒன்று, எமது உடுப்பு மற்றவருக்குத் தெரிய வேண்டும். மார்கழியில் மாலை ஆறு மணிக்கே பொழுது பட்டுவிடும். கறுப்புப் பொலித்தீனைப் போர்த்துக்கொண்டு மழை இருட்டில் போகிறவரை லொறிச் சாரதி அருகில் வரும்வரை காணமாட்டார். மலிவானது என்பதற்காகக் கறுப்பை வாங்காதீர்கள். மஞ்சளோ வெள்ளையோ தெரிவு செய்யுங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டியை முதுகிலும் கணுக்கால் வளையத்திலும் தைத்துவிடுங்கள். மேலும் கீழும் அசையும் காலில் மின்னும் பட்டியைப் பார்த்ததும், முன்னே போவது சைக்கிள் என்று சாரதிக்கு விளங்கும். முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. போர்வையின் பின்விளிம்பு அந்தச் சிவப்பு விளக்கை மறைக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கூடிச் செய்வோம்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் சிலர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் பலருக்கு நிலம் இருக்கிறது, முதல் இல்லை. ஆகவே சம்பள வேலைக்கான இந்தச் சைக்கிள் பயணம் இன்னும் சில காலம் தொடரும். அதற்குரிய ஆயத்தத்தைப் புரட்டாதி முடியுமுன் செய்ய வேண்டும். மழை தொடங்கியபின் ஓடித்திரிந்து பயனில்லை.

துணியைத் தனித்தனியாக வாங்காமல் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுருளாக வாங்கினால் விலை குறையும். ஒரு தையல் இயந்திரம் போதும். மாதர் சங்கம் ஓர் ஞாயிறு பிற்பகல் ஒன்றுகூடினால் பத்துப் போர்வைகளை வெட்டித் தைத்துவிடலாம். வேலை கொடுப்போரிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும்: உடுப்பு மாற்ற மறைவான ஒரு மூலையும், நனைந்ததைக் காயவிட ஒரு கயிறும். இதைத் தனியாளாகக் கேட்கக் கூச்சமாயிருக்கும். சங்கத்தின் பெயரால் கேட்டால் கூச்சமில்லை. வீட்டிலும் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு கயிறு கட்டுங்கள். நைலோனையும் பொலித்தீனையும் அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். உருகும், தீயும் பற்றும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாய் இப்போது வேறோர் இடத்தில் வேலை செய்கிறார். சென்ற மாரியில் ஒருநாள் வழியில் அவரைக் கண்டோம். மஞ்சள் போர்வை, மட்காட்டில் ரப்பர்த் துண்டு, கரியரில் இறுகக் கட்டிய யூரியா உறை. "நல்ல மழையாய்க் கிடக்கே" என்றோம். அவர் சிரித்தார். "உடுப்பு ஒரு பைக்குள்ள, நான் ஒரு பைக்குள்ள. மழை பெய்யிறது பெய்யட்டும்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். அந்தக் கார்த்திகையில் மழையைச் சொல்லி அவர் ஒரு நாளும் வீட்டில் நிற்கவில்லை.